ஐஸ்கிறீம் வேண்டாம் என்றால்

பெண் பார்ப்பது என்று யாருக்கும் தெரியக் கூடாது. அதனால் இரண்டு குடும்பங்களும் மொன்றியல் பழைய துறைமுகத்தில் தற்செயலாகச் சந்திப்பதுபோல ஏற்பாடு.

“தலைமயிரை இப்பிடி விரிச்சுவிட்டால் ஆக்கள் என்ன நினைப்பினம்?” என்றாள் றெஜினா.

“வெயில் நாளிலை எல்லாரும் இப்பிடித்தான் அம்மா,” என்றாள் மகள் றொஷினி.

“பிடிக்காட்டி என்னெண்டு சொல்லுறது?”

“ஐஸ்கிறீம் வேண்டாம் எண்டால் போதும். உடனே மெற்றோ எடுத்து வீட்டை போவம்.”

ஜோன்சன் தன் தகப்பன் அல்போன்ஸோடு வந்தான். நால்வரும் படகுகளைப் பார்த்தபடி நடந்தார்கள். கோயில் பாட்டுக்குழுவில் தன்னை வாயை மட்டும் அசைக்கச் சொல்லியிருக்கிறார்கள் என்று அல்போன்ஸ் சொல்ல, றெஜினா சத்தமாகச் சிரித்துவிட்டாள்.

ஐஸ்கிறீம் வண்டியைக் கண்டதும் ஜோன்சன் கேட்டான். “ஆருக்கு வேணும்?”

றொஷினி மூச்சைப் பிடித்துக்கொண்டாள். அப்பா இறந்தபின் தனித்திருந்த அம்மாவை, தாரமிழந்த அல்போன்ஸைச் சந்திக்கச் சம்மதிக்க வைக்க அவளுக்கு ஒரு வருடம் பிடித்திருந்தது.

றெஜினா முகத்தில் விழுந்த முடியை ஒதுக்கினாள்.

“எனக்கு மாம்பழம்,” என்றாள். “இவருக்கும் ஒண்டு வாங்கும், தம்பி.”