பூட்டிய நேரம்

"எட்டு மாசமா திறக்காத லெட்டருங்கம்மா. இன்னும் பத்து நிமிஷத்துல திறந்துரும்" என்றான் தினேஷ், லேப்டாப்பை மேசையில் வைத்தபடி.

சாந்தாமேரி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இன்னிக்கே திறக்கோணுமா சாமி?"

சேலத்திலிருந்து லீவு போட்டு, பனியில் நனைந்து கிளியூர் வந்தவனிடம் கேட்கிற கேள்வியா இது! பாவம், பயமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டான்.

அவள் மகன் செபாஸ்டின், தினேஷுடன் வேலை பார்த்தவன். மார்ச் பன்னிரண்டில் நெஞ்சுவலியில் போய்விட்டான். ஆர்.சி. வீட்டுப் பையன் வேறு சபையில், சி.எஸ்.ஐ. பெண் ஃபெபியைக் கட்டினான் என்று சாந்தாமேரி கல்யாணத்துக்கே போகவில்லை. அதற்கப்புறம் இரண்டு வருஷம் அவன் அம்மாவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

அடக்கம் முடிந்து அவள் சோறு தண்ணி தொடாமல் கிடந்தாள். 'அம்மாவுக்கு' என்று பெயர் போட்ட ஃபைல் ஒன்று அவன் பென்டிரைவில் இருக்கிறது, பாஸ்வேர்டுதான் தெரியவில்லை என்று ஃபெபி சொன்ன அன்றுதான் எழுந்து கஞ்சி குடித்தாள். மருமகளும் அங்கேயே தங்கிவிட்டாள். இரண்டு பேருமே அழுவதில்லை. வீடே மரத்துப்போய்க் கிடந்தது.

"இதப் பூட்டின சாஃப்ட்வேர்ல ஓட்டை இருக்குதுன்னு போன வாரம் கண்டுபிடிச்சிட்டாங்க" என்றான் தினேஷ் உற்சாகமாக. "பாஸ்வேர்டெல்லாம் சும்மாங்க. எந்த நொடியில பூட்டுனாங்களோ, அந்த நேரத்த வெச்சுத்தான் அது சாவி பண்ணுது. ஒவ்வொரு நொடியா போட்டுப் பாத்தா திறந்துரும்."

கறுப்புத் திரையில் கட்டளையை அடித்தான். தப்பு என்று வந்தது. மறுபடி அடித்தான். மறுபடியும் தப்பு.

"ஏனுங்க, அந்த வார்த்தைக்கு முன்னால ரெண்டு கோடு வருமுங்க" என்றாள் ஃபெபி, காபிக்கொட்டையில் கல் பொறுக்கியபடி.

"அட, ஆமாங்க!"

மார்ச் பன்னிரண்டிலிருந்து பின்னோக்கி ஒரு வருஷம் தேடவிட்டான். திறக்கவில்லை. இவ்வளவு தூரம் வந்துவிட்டு வெறுங்கையோடு போவதா? எதற்கும் இருக்கட்டும் என்று பன்னிரண்டுக்கு அப்புறமும் தேடவிட்டான். மூச்சு விடுவதற்குள் திறந்துகொண்டது.

பூட்டிய நாள் மார்ச் பதினாறு. செபாஸ்டினைப் புதைத்து மூன்று நாள் ஆகியிருந்தது. உள்ளே ஓர் எழுத்துகூட இல்லை.

தினேஷ் ஃபெபியைப் பார்த்தான். அவள் நிமிரவில்லை. கை மட்டும் கொட்டைக்கு நடுவில் அப்படியே நின்றிருந்தது.

"என்ன சாமி எழுதியிருக்கான்?"

அவன் லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டான். வாய்க்கு வந்ததைச் சொன்னான். "'உங்க மேல கோவமெல்லாம் இல்லம்மா'ன்னு எழுதியிருக்காருங்க."

சாந்தாமேரி தலையாட்டினாள். எழுந்து வந்து மருமகள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அவன் எழுத மாட்டான்னு எனக்கு அன்னிக்கே தெரியும், நீ பழையபடி பூட்டி வெச்சிரு கண்ணு."