சலித்த மண்

பானை ஓடு கைக்கு வந்தது. கை அப்படியே நின்றுவிட்டது.

அகழாய்வுக் குழிக்கு மேலே பெண்கள் குலவை போட்டார்கள்.

"கெடச்சிட்டுல்லா யக்கா" என்றாள் மண் சுமக்கும் இசக்கியம்மாள். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

குழிக்குள் இருந்த கனி நிமிரவில்லை. ஓட்டில் இருந்த எழுத்தைக்கூடப் பார்க்கவில்லை. ஓடு கிடந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டாயிரம் வருடம் ஓரிடத்தில் படுத்துக் கிடந்த பொருள் தன் தடத்தை விட்டுத்தான் எழும். அடிமண் இறுகி, அதன் வளைவை வாங்கி வைத்திருக்கும்.

இங்கே மண் பொலபொலவென்று சரிந்தது.

விரலால் தொட்டாள். மாவு மாதிரி இருந்தது. ஒரு சரளைக்கல் இல்லை. ஒரு வேர் இழை இல்லை.

இந்த ஆற்றங்கரை மேட்டில் சரளை இல்லாத மண் ஒரே இடத்தில்தான் உண்டு. தோண்டிய மண்ணைச் சலிக்கும் சல்லடைக்குக் கீழே.

வெளியாள் எவனாவது குறும்பு செய்திருந்தால், பக்கத்தில் கிடந்ததை அள்ளிப் போட்டு மூடியிருப்பான். கல்லும் கட்டியுமாக அதுவே பொருந்தியிருக்கும். மண்ணைச் சலித்துச் சலித்தே பழகிய கைக்குத்தான் இந்தச் சுத்தம் வரும்.

நிமிர்ந்தாள்.

விளிம்பில் கேமராவோடு ஆவுடையப்பன் நின்றுகொண்டிருந்தான். அவள் கணவன். குழிக்குப் பொறுப்பு அவள். படம் எடுப்பதும், கிடைத்ததைப் பார்த்து வரைவதும் அவன் வேலை. புருஷனும் பெண்டாட்டியும் ஒரே குழியில் விழுந்துவிட்டார்கள் என்று அகழாய்வுக் கூட்டத்தில் ஒரு கேலி உண்டு.

காலையில் எல்லோரும் டீக்குப் போனபோது, வரைந்துவிட்டு வருகிறேன் என்று குழியிலேயே தங்கியவன் அவன்தான். ஓடு தலைகாட்டியதும், அவள் கூப்பிடுமுன்பே அளவுகோலோடு வந்து நின்றவனும் அவன்தான்.

இப்போதுதான் உறைத்தது.

பிற்பகலில் தொல்லியல் துறை இயக்குநர் வருகிறார். குழியைத் தொடர்வதா, மூடுவதா என்று சொல்லிவிடுவார்.

போன வருடம் இங்கே ஓர் ஓடு கிடைத்தது. அதில் தமிழி என்னும் பழந்தமிழ் எழுத்தில் ‘எயினி’ என்று கீறியிருந்தது. ராணி இல்லை, செல்வச் சீமாட்டி இல்லை. சோறு பொங்கும் பானையில் தன் பெயரைத் தானே எழுதிக்கொண்ட ஒருத்தி என்று கனி மேடை மேடையாகப் பேசினாள். ஓர் ஓட்டாஞ்சில்லை வைத்துக்கொண்டு அந்தக் காலத்து ஊரையே படிக்க வைத்துவிட்டாளே என்று சிரித்தார்கள். இன்னொன்று கிடைத்தால் அந்தச் சிரிப்பு அடங்கும். அதற்காகத்தான் இந்த வருடம் முழுக்க வெயிலில் வெந்தாள்.

இன்னொன்று கிடைத்துவிட்டது.

லென்ஸைக் கண்ணில் வைத்தாள். ஓடு பழையதுதான். கருப்பு சிவப்புப் பானையின் துண்டு, அசல். கீறலுக்கு உள்ளே மட்டும் பழமை ஏறவில்லை.

எழுத்து அழகாக இருந்தது. பார்த்துப் பார்த்து வரைந்த கை.

"எல்லாரும் போய்ச் சாப்பிட்டுட்டு வாங்க" என்றாள்.

மேலே ஆள் அரவம் ஓய்ந்தது. அவன் இறங்கி வந்து எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். அவள் அந்த மண்ணை உள்ளங்கையில் அள்ளி அவன் முன்னால் நீட்டினாள்.

அவன் மறுக்கவில்லை.

"மூடிருவாங்கல்லா கனி. நீ ஒடஞ்சு போயிருவ. ஒனக்காவத்தான்."

அவளுக்கு ஆத்திரமாக வந்தது. அழுகையும் வந்தது. வேறு எவனாவது செய்திருந்தால் முகத்தில் காறித் துப்பியிருப்பாள். இவன் பக்கத்தில் படுத்து, அவள் புலம்பியதையெல்லாம் கேட்டு, கேட்டதை வைத்தே கீறியிருக்கிறான். நம்பவைத்துக் கழுத்தை அறுப்பதில் இப்படியும் ஒரு வகை இருப்பது அவளுக்குத் தெரியாமல் போயிற்று. ஆசையாக அறுப்பது.

ஓட்டைத் துணியில் சுற்றினாள்.

இயக்குநரிடம் உள்ளதைச் சொல்லிவிடலாம். குழியை மூடுவார்கள். இவனுக்கு வேலை போகும். போகட்டும். சிரித்தவர்கள் இன்னும் கொஞ்சம் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். எயினி இருக்கிறாள். அவளை யாராலும் ஒன்றும் செய்துவிட முடியாது.

எழுந்திருக்கப் போனவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

போன வருடம் அவள் நிறைமாதக் கர்ப்பிணி. குழிக்குள் இறங்க முடியவில்லை. விளிம்பில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். உள்ளே இறங்கி அந்த ஓட்டை எடுத்தவன் இவன்தான். தண்ணீரில் அலசி, எழுத்து தெரியும்படி துடைத்து, மேலே ஏறி வந்து அவள் கையில் கொடுத்தான். அவள் எழுத்தைத்தான் பார்த்தாள். அடியில் இருந்த மண்ணைப் பார்க்கவில்லை.

பிறந்தது பெண். எயினி என்று அந்த ஓட்டில் இருந்த பெயரையே வைத்தார்கள். தொட்டிலில் கிடத்தி, குழந்தையின் காதில் மூன்று முறை அந்தப் பெயரைச் சொன்னதும் இவன்தான்.

கேட்காமல் இருந்துவிடலாம். ஆனாலும் கேட்டாள்.

"அன்னைக்கு அடியில மண்ணு எப்படி இருந்துச்சு?"

ஆவுடையப்பன் தூரிகையை எடுத்தான். ஏற்கெனவே சுத்தமாக இருந்த தரையைக் குனிந்து பெருக்க ஆரம்பித்தான்.