லெப்டினன்ட்டின் நாய்

"எவ்வளவு தூரம் போகலாம்னு மட்டும் சொல்லுங்கண்ணே. பட்டினி போட்டாச்சு, கட்டிப் போட்டாச்சு, பெல்ட்டால அடிச்சும் பார்த்தாச்சு. அந்த நாய் மாறற வழியைக் காணோம்."

எட்மோன் வலது மணிக்கட்டை நீட்டிக் காட்டினான். பல் பதிந்த இடம் இன்னும் ஆறவில்லை.

கப்ரியேல் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் காரைக்கால்காரர், பிரெஞ்சுப் பட்டாளத்தில் காவல் நாய்களைப் பழக்கியவர். போர் முடிந்து பட்டாளம் மூட்டை கட்டிக்கொண்டிருந்தது. சைகோனின் கான் ஹொய் துறைமுகத்திலிருந்து கப்பல் கப்பலாகப் பிரெஞ்சுச் சிப்பாய்கள் தங்கள் நாட்டுத் துறைமுகமான மார்செய்க்குப் போய்க்கொண்டிருந்தார்கள். கப்ரியேல் போகவில்லை. கிடங்கு ஒன்றில் காவல் வேலை பார்த்துக்கொண்டு சைகோனிலேயே தங்கிவிட்டார்.

வேறு யாரையாவது கடித்திருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றான் எட்மோன். தபால்காரன் தலையைத் தடவிவிட்டுப் போகிறான். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வாலைப் பிடித்து இழுக்கிறார்கள். அவர்களிடம் எல்லாம் பசு மாதிரி நிற்கும் நாய், அவன் தன் மனைவி மரியின் பக்கத்தில் போனால் மட்டும் குறுக்கே வந்து பல்லைக் காட்டுகிறது.

"என் வீட்டுல, என் பொண்டாட்டிகிட்ட போக, அந்த ஆளோட நாய்கிட்ட நான் உத்தரவு கேக்கணும்ண்ணே."

அந்த ஆள் என்றது, எதிர் மாடியில் குடியிருந்த பிரெஞ்சு லெப்டினன்ட்டை. அவனுக்கு மரிதான் சட்டை தைத்துக் கொடுத்தாள். வாங்கிப் போக அவனே வருவான், நாயையும் கூட்டிக்கொண்டு. சுங்க அலுவலகத்திலிருந்து எட்மோன் வீடு திரும்பும்போது சில நாள் கூடத்தில் சுருட்டு வாசனை மிச்சமிருக்கும். கப்பலேறிய அன்று, லெப்டினன்ட் நாயின் வாரை மரியின் கையில் கொடுத்துவிட்டுப் போனான். எட்மோனுக்கு அது சாயங்காலம்தான் தெரிந்தது.

கடல் தாண்டிப் போகிறவன் தன் நாயை யாரிடம் விட்டுப்போவான்? எட்மோன் இதை மரியிடம் ஒரு முறையல்ல, பல முறை கேட்டுவிட்டான். வாயில்லாத ஜீவனைத் தெருவிலா விடமுடியும் என்பதற்கு மேல் அவள் எதுவும் சொல்லவில்லை.

நாயின் பெயர் மெதோர். அதற்குப் பிரெஞ்சு மட்டும்தான் புரியும். அதனால் மரி அடுப்படியில் அதோடு பிரெஞ்சில் பேசுவாள், நடுநடுவே சிரிப்பாள். எட்மோன் வெளியே செருப்பைக் கழற்றாமல் நின்று கேட்பான். அவளுடைய பிரெஞ்சு இவ்வளவு அழகானது என்று கல்யாணமாகி இத்தனை வருஷம் அவனுக்குத் தெரியாது. அவனோடு அவள் பேசுவது தமிழ்தான், அதுவும் உப்பு, அரிசி, விறகு பற்றித்தான். அவன் உள்ளே நுழைந்ததும் சிரிப்பு நின்றுவிடும். நாய் எழுந்து உட்காரும்.

கப்ரியேலிடம் பழைய ரிவால்வர் ஒன்று இருப்பது எட்மோனுக்குத் தெரியும். அதற்காகத்தான் வந்திருந்தான்.

"கொல்றதுக்கு ஒரு நிமிஷம் போதும், தம்பி. ஆனா பார்க்காம நான் கை வைக்க மாட்டேன்" என்றார் கப்ரியேல். "அது எதுக்குக் கோபப்படுதுன்னு முதல்ல தெரியணும். திருத்த முடியாத நாய்னா நானே முடிச்சுடறேன்."

சனிக்கிழமை மதியம் ரிவால்வரைப் பைக்குள் போட்டுக்கொண்டு வந்தார். மரி அவருக்குக் காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு, தையல் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டாள். பையில் என்ன இருக்கிறது என்று காலையிலேயே எட்மோன் சொல்லியிருந்தான். அவள் கண் பையை விட்டு நகரவில்லை.

கப்ரியேல் கொல்லைப்புறம் போய் மெதோரின் சங்கிலியைக் கழற்றி உள்ளே கூட்டிவந்தார். விலா எலும்பு தெரிய இளைத்திருந்த பெரிய அல்சேஷன். அது நேரே போய் மரியின் காலடியில் படுத்தது.

எட்மோனை அவளிடம் நடந்து போகச் சொன்னார் கப்ரியேல். போனான். நாய் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி படுத்துக்கொண்டது. பக்கத்தில் உட்காரச் சொன்னார். உட்கார்ந்தான். கையைப் பிடிக்கச் சொன்னார். பிடித்தான். மரியின் விரல்கள் அவன் கைக்குள் அசையாமல் கிடந்தன. நாயும் அசையவில்லை. சத்தமாகப் பேசச் சொன்னபோது மட்டும் அதன் காது விறைத்தது. எழுந்திருக்கவில்லை.

எட்மோனுக்கு முகம் சிவந்துவிட்டது. இத்தனை நாள் தன்னைப் பாடாய்ப் படுத்திய நாய், இன்று வந்த மனிதருக்கு முன்னால் தன்னைப் பொய்யனாக்குகிறது.

"நடிக்குதுண்ணே. எல்லாம் அவன் சொல்லிக் குடுத்துட்டுப் போன வித்தை. இவளும் அதுக்கு உடந்தை."

கப்ரியேல் காப்பியை ஒரு வாய் குடித்துவிட்டு மரியின் பக்கம் திரும்பினார். நாயோடு பகல் முழுக்க இருப்பது அவள்தானே, அது எப்போது பாயும் என்று அவளுக்குத் தெரியாமலா இருக்கும் என்று கேட்டார்.

மரி முதல் முறையாகப் பையிலிருந்து கண்ணை எடுத்தாள். கப்ரியேலைப் பார்க்கவில்லை, புருஷனைப் பார்த்தாள்.

"இதுக்கெல்லாம் பாயாதுண்ணே. அவர் என்னை அடிக்கக் கையை ஓங்கணும், அப்பதான் பாயும்."

கப்ரியேல் பையைத் திறக்காமலே எடுத்துக்கொண்டு எழுந்தார். கழற்றிய சங்கிலியை நாய்க்கு மறுபடி மாட்டவில்லை.