பொந்து யாருக்கு?

புருஷன் செத்துப் பத்து நாள்கூட ஆகவில்லை, அடைகாத்துக்கொண்டிருந்த மைனாவைப் பொந்தைவிட்டுப் போகச் சொன்னான் கொழுந்தன்காரன். அவள் நேராகப் பஞ்சாயத்துத் தலைவர் நாரையாரிடம் போனாள்.

“மைனா வழக்கப்படி பொந்து கொழுந்தனுக்குத்தாம்மா” என்றார் நாரையார்.

“கிளிகளுக்கு எப்படிங்கய்யா?”

“மாமனாருக்கு.”

“காக்காய்க் கூடு?”

“மூத்த மகனுக்கு. ஒவ்வொரு இனத்துக்கும் ஒரு வழக்கம். அதிலே நான் தலையிட முடியாது.”

மைனா அழவில்லை. விருட்டென்று பறந்துபோய், அதேபோல் துரத்தப்பட்ட ஒரு கிளியையும் ஒரு காக்காயையும் கூட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

நாரையார் முகம் சுளித்தார். “மூணு பேருக்கும் வழக்கம் வேற வேறயாச்சே!”

“வழக்கம் வேறதாங்கய்யா” என்றாள் மைனா. “வழக்கு ஒண்ணுதான்.”