பாதி டம்பர்

“மேடம், முதல்ல இந்த நாகலிங்கத்தை மாத்துங்க. டம்பர் நிறைய மணல் போட விடமாட்டேங்கறான். பாதியிலேயே கிளப்பிட்டுப் போயிடறான். சோம்பேறி!”

சாதிக் பாட்ஷா இப்படிப் புகார் சொன்னதும், சைட் இன்ஜினீயர் பிருந்தாவுக்குக் கோபத்தைவிட ஆச்சரியம்தான் அதிகம். பாதி பாதியாக ஏற்றினால் அவனுக்குத்தானே நடை கூடும்? சோம்பேறி அப்படிச் செய்வானா?

துபாய், அல் குசைஸில் ஒரு பழைய கட்டடத்தின் பின்பக்கம் வேலை. நடுவில் குறுகலான சந்து. லாரி நுழையாது. தெருவில் குவித்திருக்கும் மணலை சாதிக் அள்ளிப் போட, நாகலிங்கம் மினி டம்பர் வண்டியில் கொண்டுபோய்ப் பின்னால் கொட்ட வேண்டும்.

மறுநாள் காலை பிருந்தா வந்து நின்று பார்த்தாள். புகார் உண்மைதான். தொட்டி பாதி நிரம்பியதும், “கலாஸ் பாய், போதும்!” என்று கிளப்பினான் நாகலிங்கம்.

கை காட்டி நிறுத்தினாள்.

“ஏன், இன்ஜின் இழுக்கலையா?”

“நல்லா இழுக்குது மேடம்.”

“சந்துல இடிக்குதா?”

“அதெல்லாம் இல்லை.”

“அப்புறம் ஏன் பாதி?”

“பழகிடுச்சு மேடம்” என்றான், தரையைப் பார்த்துக்கொண்டு.

“சரி, நிறைய ஏத்துங்க. என்ன ஆகுதுன்னு பார்க்கலாம்.”

“வேணாம் மேடம்…”

“கேட்டீங்களா? இப்படித்தான் மேடம் தினமும்!” என்ற சாதிக், ஷவலை எடுத்து மளமளவென்று அள்ளிப் போட்டார். ஐம்பத்தெட்டு வயசு என்றால் நம்ப முடியாத வேகம்.

தொட்டி நிரம்பி வழிந்தது. டம்பர் எந்தச் சிரமமும் இல்லாமல் சந்துக்குள் போய் மறைந்தது.

வண்டியில் கோளாறில்லை, வழியில் கோளாறில்லை. பிறகு எதில்தான்?

திரும்பினாள். சாதிக் மணல் குவியலில் சரிந்து உட்கார்ந்திருந்தார். மூச்சு இரைத்தது. தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகித் திருகிப் பார்த்தும் திறக்க முடியவில்லை. அவள் பார்த்துவிட்டாள் என்றதும் தடுமாறி எழுந்தார்.

“வெயில்தான் மேடம். வேற ஒண்ணுமில்ல.”

பாட்டிலைத் திறந்து கொடுத்து, நிழலில் உட்காரவைத்துவிட்டு, பிருந்தா சந்துக்குள் விறுவிறுவென்று நடந்தாள்.

“பாய்க்காகவா?”

மணலைக் கொட்டி முடித்திருந்த நாகலிங்கம் இன்ஜினை அணைத்தான்.

“வண்டி போயிட்டு வர்ற வரைக்கும் அவரு உட்காரலாம் மேடம். பாதி பாதியா எடுத்தா அடிக்கடி உட்காரலாம். வேலை நிக்காது. டீ டைம்ல நானே அள்ளிப் போட்டு மிச்சத்தை முடிச்சிடறேன்.”

“இன்னிக்கே பாய்க்குத் துணையா இன்னொரு ஆளை அனுப்பறேன். ஆனா, புகார் சொன்னது யாரு தெரியுமா?”

“பாய்தான். என்கிட்ட சொல்லிட்டுத்தான் உங்ககிட்ட வந்தாரு.”

“அப்பவாவது அவர்கிட்ட உண்மையைச் சொல்லியிருக்கலாமே?”

“சொன்னா உட்கார மாட்டாரு மேடம்.”