உரிமைவிடல்

நாற்பத்தொன்று என்று அழைத்தார்கள்.

அவள் எழுந்திருக்கவில்லை.

மறுபடி அழைத்தார்கள். இந்த முறை பெயரும் சேர்த்து. செண்பகவல்லி, கணித ஆசிரியை.

எழுந்தாள். மடியிலிருந்த கோப்பு சரிந்து விழுந்தது. பக்கத்து நாற்காலியிலிருந்த ஜெயசீலன் குனிந்து எடுத்துக் கொடுத்தார். பட்டியலில் அவர் நாற்பத்திரண்டு. அதே பள்ளி, அதே பாடம். அவளுக்கு மூன்று மாதம் பின்னால் வேலையில் சேர்ந்தவர். வடிவியலில் சந்தேகம் வந்தால் இன்றும் அவளிடம்தான் வருவார்.

கல்வி அலுவலகத்தின் மாடி அறையில் பதவி உயர்வுக் கலந்தாய்வு. மேசைக்கு அந்தப் பக்கம் கண்காணிப்பாளர். அவர் கணினித் திரையை அவள் பக்கம் திருப்பி வைத்தார்.

பத்தொன்பது உயர்நிலைப் பள்ளிகள். எல்லாவற்றிலும் தலைமையாசிரியர் இடம் காலி. எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.

ஆறாவது பள்ளியை அவளுக்குத் தெரியும்.

போன சனிக்கிழமை யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். பூட்டிய கேட்டுக்கு வெளியே கொஞ்ச நேரம் நின்றாள். சுற்றுச்சுவர் ஒரு பக்கம் இடிந்து கிடந்தது. முதலில் இதைக் கட்ட வேண்டும் என்று தோன்றியது.

அப்படித் தோன்றியதே கூச்சமாக இருந்தது.

திரும்பி வரும் வழியில் ஒரு பச்சை மைப் பேனா வாங்கினாள். தலைமையாசிரியர்கள் பச்சையில்தான் கையெழுத்திடுவார்கள்.

இப்போது கைப்பையைத் திறந்தாள். விரல் பேனாவில் பட்டது.

நான்காக மடித்த தாளை எடுத்தாள்.

பதவி உயர்வு வேண்டாம் என்ற உரிமைவிடல் கடிதம். காலையில் எழுதியது. பஸ்ஸில் வரும்போது கிழித்துவிடலாம் என்று இரண்டு முறை நினைத்தாள்.

பதினோரு வருஷத்துக்கு முன்பு, தலைமையாசிரியர் மருத்துவ விடுப்பில் போனபோது, ஒன்பது நாள் அவள் பொறுப்பில் இருந்தாள். அந்த ஒன்பது நாளில் குடியரசு தினம் வந்தது.

கயிற்றை இழுத்தாள். கொடி விரியவில்லை.

மறுபடி இழுத்தாள்.

மூன்றாவது இழுப்பில் கயிற்றோடு கொடி கீழே வந்து அவள் தோளில் விழுந்தது.

நானூறு பிள்ளைகள் சிரித்தார்கள்.

முடிச்சுப் போட்டது அவள் இல்லை. விளையாட்டு ஆசிரியர். அவரே வந்து மன்னிப்பும் கேட்டார். அது அவளுக்கு நன்றாக நினைவிருக்கிறது. நினைவிருந்து ஒன்றும் ஆகவில்லை.

வீட்டில் சொன்னபோது கணவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். உனக்கு எதுக்கு இந்த வேலையெல்லாம் என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. மோர் கேட்கிற குரலில் சொன்னார்.

கொஞ்ச நாள் அது அவருடைய குரலாக இருந்தது.

பிறகு அவளுடையதாகிவிட்டது.

பதினாறு வருஷமாகப் பத்தாம் வகுப்புக் கணக்கில் அவளிடம் படித்த யாரும் தோற்கவில்லை. பிள்ளைகள் கெட்டி என்பாள். வினாத்தாள் சுலபம் என்பாள். விடைத்தாளில் மதிப்பெண்ணை மூன்று முறை கூட்டிப் பார்த்துவிட்டு, நான்காவது முறை ஜெயசீலனிடம் நீட்டுவாள்.

கண்காணிப்பாளர் கடிதத்தைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"இதக் குடுத்துட்டா மூணு வருஷத்துக்குப் பேர் வராது டீச்சர். அதுக்குள்ள நீங்க ரிட்டயர்டு ஆயிருவீங்க. யோசிச்சுத்தான் எழுதினீங்களா?"

அவர் அதைக் கோப்பில் வைக்கவில்லை. கையிலேயே வைத்திருந்தார், திருப்பிக் கொடுக்க எண்ணியவர்போல. கடிதத்தின் ஓரம் மின்விசிறிக் காற்றில் ஆடியது.

கை நீட்டினால் போதும்.

உடம்பு முடியவில்லை சார் என்றாள்.

உடம்புக்கு ஒன்றுமில்லை.

அவர் கடிதத்தை மேசையில் வைத்தார். பிறகு முத்திரை குத்தினார்.

வெளியே வந்து வராந்தாவில் தண்ணீர் குடித்தாள். அதற்குள் ஜெயசீலன் உள்ளே போய்த் திரும்பிவிட்டார். கையில் உத்தரவு இருந்தது. ஆறாவது பள்ளி.

அவர் முகத்தில் வியர்வை. கைக்குட்டையால் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"நீங்க வேண்டாம்னதுனாலதான் இந்த ஸ்கூல் எனக்கு மிஞ்சுச்சு டீச்சர். உள்ளுக்குள்ள ஒதறத்தான் செய்யுது. போய்ப் பாத்துக்கிட வேண்டியதான்."

அவள் சிரித்தாள். வாழ்த்துகள் என்றாள்.

முப்பது வருஷமாக, பயமில்லாதவர்கள்தான் அந்த நாற்காலியில் போய் உட்காருகிறார்கள் என்று நினைத்திருந்தாள்.

மாடிப்படியில் இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள்.

பஸ் நிலையத்துக்கு வந்து கணவருக்குப் போன் செய்தாள். எழுதிக் கொடுத்துவிட்டேன் என்றாள்.

 அந்தப் பக்கம் டிவி ஓடுவது கேட்டது. பிறகு அது நின்றது.

"நீ எடுத்துட்டு வருவேன்னுல்லா நெனச்சேன்" என்றார்.



ஏதாவது சொல்லித் தேற்ற வேண்டுமே என்று சொல்கிறார். அப்படித்தான் இருக்கும்.

போனை வைத்தாள்.

பஸ் வந்து நின்றது. முகப்பில் எட்டயபுரம் என்று பெரிதாக எழுதியிருந்தது. அவள் படித்தாள். முன்னால் ஏறிக்கொண்டிருந்த பெண்ணின் தோளைத் தொட்டு, இது எட்டயபுரம் போகுமா என்று கேட்டாள்.