பக்கத்து நாற்காலி

எமில்டா தினமும் காலையில் சமையலறைச் சுவர்த்திரையில் தெரியும் தன் அறுபது வயது உருவத்தோடு பேசுவாள். இலக்கைச் சொன்னவர்களுக்கு அதை எட்டிய வருங்கால உருவத்தைக் காட்டும் திரை அது. தூத்துக்குடிக் கடலில் பவளப்பாறைகளை மறுபடி வளர்க்க வேண்டும் என்று அவள் அதனிடம் தன் இலக்கைச் சொன்ன நாளிலிருந்து அந்த நரைத்த எமில்டா வருகிறாள்.

கணவன் பிரின்சனுக்கு அந்த நரைத்தவளைப் பிடிக்கவில்லை. அவள் வந்தபின் எமில்டாவுக்குக் கூச்சம் போய்விட்டது. பவளம் நட முக்குளிக்கும் பெண்கள் எல்லோரும் எமில்டாவின் சொல்லுக்குக் காத்திருக்கிறார்கள். அவனிடம் சொல்லாததையெல்லாம் திரையில் சொல்லிச் சிரிக்கிறாள்.

எமில்டா கடலுக்குப் போயிருந்த ஒருநாள் அவன் திரையைத் தட்டினான். நரைத்தவள் வந்தாள். மனைவிதான் என்றாலும் மரியாதையாகவே கேட்டான்.

"உங்க பக்கத்துல நாற்காலி சும்மா கிடக்கே. நான் எங்க?"

"தெரியலியே. நீங்க இலக்குன்னு எதுவும் சொல்லல. சொல்லாதவங்கள இங்க காட்ட முடியாது."

"செத்துட்டேனா?"

"அதுவும் தெரியாது. டீ ஆறுது, குடிங்க."

படகில் ஏறினாலே பிரின்சனுக்கு வாந்தி வரும். இருந்தும் சொன்னான்.

"கப்பல் கேப்டன்னு போடுங்க."

மறுநாள் திரையில் அந்த நாற்காலியில் பிரின்சனின் சாயலில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். வெயிலில் கறுத்த முகம், நிமிர்ந்த தோள்கள். எமில்டா கையிலிருந்த தோசையை மறந்து அவரையே பார்த்தாள். அவள் பிரின்சனை அப்படிப் பார்த்து வெகுகாலம் ஆயிற்று.

"நல்லாத்தான் இருக்காரு" என்றாள்.

பிரின்சன் வாந்தி மாத்திரையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு படகுத்துறைக்குக் கிளம்பினான்.